அரங்கின் கதவு யாருக்குத் திறக்கிறது?

உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பிறந்தது. சரியாக எழுபதாம் நாள், அக்டோபர் 3-ல், கொல்கத்தாவில் இன்னொரு சோதனைக் குழாய்க் குழந்தையாகத் துர்கா பிறந்தார். ஹார்மோன் ஊசி போட்டுக் கருமுட்டைகளை வளரச்செய்து, உருவான கருவை 53 நாட்கள் உறையவைத்து, பிறகே தாயின் கருப்பையில் வைத்தார் மருத்துவர் சுபாஷ் முகர்ஜி. ஓல்டம் குழந்தைக்குக் கையாளப்படாத இவ்விரு முறைகளும் இன்று கருத்தரிப்பு மையங்களில் அன்றாட நடைமுறை. ஆனால், மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவர் சொன்னதை ஏற்கவில்லை. 1979-ல் ஜப்பானில் தன் ஆய்வை விளக்க வந்த அழைப்பை ஏற்கவும் அரசு அனுமதிக்கவில்லை. 1981-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-ல் பிறந்த ஹர்ஷாவே இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை எனக் கருதப்பட்டுவந்தது. அந்தச் சாதனையில் பங்குகொண்ட டி.சி.ஆனந்த் குமாரே முகர்ஜியின் குறிப்புகளை ஆராய்ந்து, முதலிடம் அவருக்கே உரியது என்று 1997-ல் எழுதினார். துறை அறிந்தவர்கள் கேள்வி கேட்டுச் சரிபார்க்கும் அரங்கு ஒன்று கிடைத்திருந்தால், அந்த உண்மைக்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டிருக்காது.

அத்தகைய அரங்குகளே மாநாடுகள். பாலூட்டிகளின் இனப்பெருக்க உயிரியல் மாநாடுகளில் அனைவருக்கும் இடம் வேண்டும் என்பதைச் சலுகையாகப் பார்ப்பது தவறு. அது ஆய்வின் தரம் சார்ந்த தேவை. இத்துறையின் ஆய்வுகள் பெரிதும் சுண்டெலியை நம்பியிருக்கின்றன. ஆனால், கருவின் முதல் செல் பிரிவுக்கு வேண்டிய சென்ட்ரியோலை மனிதரிலும் மாட்டிலும் விந்தணு கொண்டுவருகிறது, சுண்டெலியில் அப்படியில்லை. எருமையையும் ஆட்டையும் ஆராய்பவர்கள் அவையில் இல்லையென்றால், சுண்டெலியின் விதியே எல்லாப் பாலூட்டிகளின் விதியாகத் தோன்றிவிடும்.

தகுதி இருந்தால் வாய்ப்பு தானே வரும் என்பார்கள். முகர்ஜியிடம் தகுதி இருந்தது, அழைப்பும் இருந்தது. பயண அனுமதிதான் இல்லை. இன்றைய இளம் ஆய்வாளர்களுக்கு விசாவும் பயணச் செலவும் கைக்குழந்தையும் அதே தடையாகின்றன. இணையவழியில் பங்கேற்கலாமே என்ற வாதமும் முழுமையானதல்ல. பாலூட்டி இனப்பெருக்கம் உள்ளிட்ட துறைகளுக்குக் கூட்டங்கள் நடத்தும் கார்டன் ஆய்வு மாநாடுகளில் பேசப்படுவதை வெளியே எடுத்துச்சொல்லக் கூடாது என்பது விதி. வெளிவராத முடிவுகளைத் தயங்காமல் பகிர அந்த விதி உதவுகிறது. அதனாலேயே, நேரில் வராதவர் இழப்பது அதிகம். பாகுபாடுகளைப் பற்றி விவாதிக்க அங்கே ‘பவர் ஹவர்’ என்று தனி நேரம் ஒதுக்கப்படுவது நல்ல தொடக்கம்.

செலவு கூடுமே என்ற கவலை நியாயமானது. ஆனால், ஆடம்பர விருந்தைக் குறைத்தாலே சில மாணவர்களின் பயணத்துக்குப் பணம் கிடைக்கும். விசாவுக்கு அவகாசம் தரும் அழைப்புக் கடிதம், குழந்தைக் காப்பகம், சிறிய ஆய்வகங்களுக்குப் பேச்சு நேரம் ஆகியவற்றை மாநாட்டுத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நிதி வழங்கும் அரசுத் துறைகள் இவற்றை நிபந்தனையாக்க வேண்டும்.