‘பழகின பாம்பு’ என்னும் பொய்

பெரிய பாம்பு வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு வாசகம் தவறாமல் வந்து விழும்: “குட்டியிலிருந்து கையில் வளர்த்தது, ஆளைத் தெரியும், ஒன்றும் செய்யாது.” அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வரும்: ஆள் திடமாக இருந்தால் நான்கு மீட்டர் மலைப்பாம்பையும் தனியாகவே சமாளித்துவிடலாம். முதலாவது பாதி உண்மை. இரண்டாவது முழுப் பொய். அந்தப் பாதி உண்மைதான் முழுப் பொய்க்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

அடிக்கடி கையில் எடுக்கப்படும் பாம்புக்கு மனிதத் தொடுகை பழகிப்போகும். மிரண்டு கடிப்பது குறையும். அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பயம் போவது வேறு, பாசம் வருவது வேறு. பசித்த மலைப்பாம்பு, வளர்ப்பவரின் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. உதட்டோரக் குழிகளால் வெப்பத்தை உணர்கிறது, நாக்கால் மணத்தைப் பிடிக்கிறது. உறைந்த எலியை வெந்நீரில் இளக்கி எடுத்துவிட்டு, கையைக் கழுவாமல் கூண்டுக் கதவைத் திறப்பவரை நினைத்துப் பாருங்கள். உள்ளே நீளும் அந்தக் கை சூடாக இருக்கிறது. எலி வாடை வீசுகிறது. பத்து ஆண்டு நட்பு அந்த நொடியில் செல்லாது.

1996இல் நியூயோர்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 19 வயது இளைஞர் ஒருவர் தான் வளர்த்த பர்மிய மலைப்பாம்பால் கொல்லப்பட்டார். பாம்பின் நீளம் சுமார் நான்கு மீட்டர். அதற்குத் தீனியாக வாங்கிய கோழி அருகிலேயே பெட்டிக்குள் இருந்தது. அந்தக் கோழியென்று எண்ணி ஆளைப் பிடித்திருக்க வேண்டும் என்பதே அதிகாரிகளின் ஊகம். பாம்புக்கு அவர்மேல் கோபம் ஏதுமில்லை. ஒரு தவறான கணக்கு, அவ்வளவுதான்.

பிடி விழுந்தபின் திடகாத்திரம் எவ்வளவு உதவும்? மலைப்பாம்பு இரையை மூச்சுமுட்ட வைத்துக் கொல்கிறது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரியைச் சேர்ந்த ஸ்கொட் போபக்கும் குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு அதைத் திருத்தியது. மலைப்பாம்பைப் போலவே இறுக்கிக் கொல்லும் போவா பாம்பிடம் சிக்கிய எலிகளின் இரத்த ஓட்டமே சில நொடிகளில் குலைந்தது; மூச்சு நிற்கும் முன்பே இதயம் தோற்றது. மனித உடல் பெரியதுதான். ஆனாலும் கழுத்தில் இரத்தக் குழாய்கள் அழுந்தினால் எந்தப் பயில்வானுக்கும் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். சுருளை வால் முனையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த பாடம். அந்த வால் தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது, தலையை ஒரு கையால் பிடித்திருப்பவர் அதை எதைக்கொண்டு எட்டுவார்? அதற்குத்தான் இன்னொரு ஆள். ஏறத்தாழ 2.4 மீட்டரைத் தாண்டிய பாம்பைத் தனியாக எடுக்கக் கூடாது என்ற வழக்கம் இந்தத் துறையில் வேரூன்றியிருப்பது சும்மா இல்லை.

அந்த அளவுகூட நிம்மதியான எல்லை அல்ல. 2017இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் தன் அறையில் இறந்துகிடந்தவர் பல ஆண்டுகள் பாம்பு வளர்த்த அனுபவசாலி. அவர் வைத்திருந்த ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு 2.4 மீட்டர்தான். அவர் சாவுக்கு அந்தப் பாம்பே காரணம் என்று அடுத்த ஆண்டு மரண விசாரணை முடிவு செய்தது. 2019இல் அமெரிக்காவின் இந்தியானாவில் சுமார் 140 பாம்புகள் இருந்த வீட்டில் ஒரு பெண் இறந்துகிடந்தார். கழுத்தைச் சுற்றியிருந்த ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பின் நீளமும் ஏறத்தாழ அதே 2.4 மீட்டர். இரண்டு இடத்திலும் அனுபவத்துக்கோ பழக்கத்துக்கோ குறைவில்லை. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இன்னொரு மனிதர்தான் இல்லை.

“நாய் கடித்து இறப்பவர்கள் இதைவிட அதிகமில்லையா?” என்பார்கள். அதிகம்தான். மலைப்பாம்பால் மனிதர் சாவது மிக மிக அரிது. ஆனால் அந்த அரிதுக்குக் காரணம் பாம்பின் நல்ல மனம் அல்ல. வீடுகளில் இருக்கும் பாம்புகளில் மிகப் பெரும்பாலானவை ஆளைக் கொல்லும் அளவுக்கு வளராத இனங்கள், காரணம் அதுதான்.

கூண்டு பூட்டியிருந்தால் போதும் என்பவர்கள் கேம்ப்பெல்டனை மறந்துவிட்டார்கள். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்திலுள்ள அந்தச் சிறு நகரிலிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கியூபெக். 2013 ஆகஸ்டில் கேம்ப்பெல்டனில் விலங்குக் கடைக்கு மேலிருந்த வீட்டில், ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு ஒன்று கூண்டிலிருந்து காற்றோட்டக் குழாய்க்குள் புகுந்தது. உறங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள்மேல் கூரையிலிருந்து விழுந்து அவர்களைக் கொன்றது. வயது நான்கும் ஆறும். வீட்டுக்காரரைக் குற்றவாளி அல்ல என்று 2016இல் நடுவர் குழு விடுவித்தது. சட்டம் அப்படித் தீர்த்தது. இத்தனை பெரிய பாம்பைக் குடியிருப்புக்குள் வைப்பது தகுமா என்ற கேள்வி அதனால் தீரவில்லை.

மொன்றியலில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. கியூபெக்கின் வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஜூன் இறுதியில் முடிகின்றன. ஜூலை 1 அன்று நகரமே வீடு மாறுகிறது. பிளாட்டோ பகுதியின் வளைந்த இரும்பு வெளிப்படிக்கட்டில் சோபாவை ஏற்றவே நான்கு பேர் வேண்டும். நாற்பது கிலோ பர்மிய மலைப்பாம்பையும் அதன் கூண்டையும் தனியாளாக எப்படி ஏற்றுவது? மின்சாரம் போனால் கூண்டின் வெப்பமும் போகும்: 2023 ஏப்ரல் 5 உறைமழையில் பத்து லட்சத்துக்கும் அதிகமான ஹைட்ரோ கியூபெக் மின் இணைப்புகள் இருண்டன. 1998 ஜனவரி உறைமழையில் சில இடங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. ஒரு மீட்டர் பாம்பைத் துணிப்பையில் இட்டு, வெந்நீர்ப் போத்தலோடு தெர்மோகோல் பெட்டியில் வைத்து நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நான்கு மீட்டருக்கு அந்த வழி அடைபட்டது. நோயென்று செந்-ஹியசிந்தின் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும் முதலில் அதைத் தூக்கியாக வேண்டும்.

பெரிய பாம்பே வேண்டாம் என்பதல்ல வாதம். கைக்கு அடங்கும் பெரிய பாம்புகள் இருக்கின்றன. மிரண்டால் பந்தாகச் சுருளும் பால் பைதான் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் வரை வளரும். உடல் தடித்ததால் பார்வைக்குப் பெரிதாகவே தெரியும். இன்னும் நீளம் வேண்டுபவர்களுக்கு வட அமெரிக்காவின் புல் ஸ்னேக், ஆஸ்திரேலியாவின் ஜங்கிள் கார்பெட் மலைப்பாம்பு; இரண்டும் ஏறத்தாழ இரண்டு மீட்டர். மத்திய அமெரிக்கப் போவாவும் நல்ல தேர்வுதான், ஆனால் பெண் பாம்பு 2.4 மீட்டரைத் தொடக்கூடும் என்று தெரிந்தே எடுக்க வேண்டும். எதை எடுத்தாலும் எலியை இடுக்கியால் கொடுப்பது, கூண்டைத் திறந்ததும் கொக்கியால் மெல்லத் தொட்டு ‘இது தீனி நேரமல்ல’ என்று உணர்த்துவது, தின்றபின் இரண்டு நாள் தொடாமல் விடுவது ஆகிய மூன்றையும் விடக் கூடாது. ஆயுளையும் எண்ண வேண்டும்: 1961இல் ஒருவர் சென்ட் லூயிஸ் விலங்கியல் பூங்காவுக்குக் கொடுத்த பால் பைதான் 2020இல் முட்டையிட்டது. அப்போது அதற்கு வயது அறுபதுக்கு மேல்.

எல்லாச் சிக்கலும் தொடங்குவது குட்டியில். முழங்கை நீளத்தில் விற்பனைக்கு வரும் பர்மிய மலைப்பாம்பு நன்றாகத் தின்றால் ஒரே ஆண்டில் இரண்டு மீட்டரைத் தொட்டுவிடும். முழு வளர்ச்சியில் மூன்று மீட்டரைத் தாண்டும் இனங்களை ரொறன்ரோ நகரச் சட்டம் மொத்தமாகத் தடுக்கிறது. அது அளப்பது கடையில் கிடக்கும் குட்டியை அல்ல, அது ஆகப்போகும் பாம்பை. அந்த அளவு விலைச்சீட்டுக்கும் வர வேண்டும். முழு வளர்ச்சியடைந்த பெண் பாம்பின் நீளம், எடை, ஆயுள், தூக்க எத்தனை பேர் என்று விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடச் சொல்லி கியூபெக் மாகாணம் விதி செய்யட்டும். இரண்டு பேர் தேவைப்படும் இனமென்றால் அந்த இரண்டாம் ஆள் யார் என்று கடைக்காரர் கேட்கட்டும். பெயர் சொல்ல முடியாதவருக்கு ஒரு பால் பைதானைக் காட்டட்டும்.