பறவை பார்க்க ஓமானுக்கு



இம்மாதம் ஒரே கடிதத்துக்குத்தான் இடம் இருக்கிறது. களுத்துறைப் பக்கத்துச் சகோதரி ஒருவர் நான்கு தாள்களில் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். உயர்தரம் படிக்கும் மகளுக்குப் பறவைகளில் அளவு கடந்த பிரியம். பார்த்ததையெல்லாம் கொப்பியில் குறித்து வைக்கிறாள். சகோதரியின் தம்பி மஸ்கட்டில் தொழில் செய்கிறார், டிசம்பர் விடுமுறைக்கு வரச் சொல்கிறார். கணவர் அங்கே வாடகைக் கார் எடுத்துத் தானே ஓட்டி, ஸலாலா வரை போய்வர நினைக்கிறார். ஹோட்டல் செலவு மிஞ்சும் என்பதால் இரவில் ஓடலாம் என்கிறார். மாமியோ, "காக்கா குருவி பார்க்கக் கடல் கடந்து போவதா? இது இஸ்ராஃப் இல்லையா?" என்று கேட்கிறார். நான் சொன்னால் இருவரும் கேட்பார்களாம். கேட்பார்களோ இல்லையோ, பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மாமிக்கு. தலைக்கு மேலே சிறகு விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளைப் பார்க்க வேண்டாமா என்று அல்லாஹ் ஸூரத்துல் முல்க்கில் கேட்கிறான். பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று ஸூரத்துல் அன்ஆமில் கூறுகிறான். நபி ஸுலைமான் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு ஸபஃ நாட்டின் செய்தியைக் கொண்டு வந்தது ஹுத்ஹுத். அது வேறொன்றுமல்ல, நம் மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும் புல்வெளியில் கொத்தித் திரியும் கொண்டலாத்திதான். மனம் ஆறுவதற்காகப் பிரயாணம் செய்வது ஏற்கத்தக்க நோக்கம் என்றே நமது ஷாபிஈ கிதாபுகளும் கூறுகின்றன. ஆகவே போவது குற்றமல்ல. ஆனால் மாமியின் கேள்வியைத் தூக்கி எறியவும் கூடாது. கடன் வாங்கிப் போவதானால் வேண்டாம். கொடுக்க வேண்டிய கடன் தவணை கடந்து கிடந்தாலும் வேண்டாம். கணவன் மனைவி இருவருக்கும் ஹஜ் கடமையாகி, அதற்குச் சேர்த்த பணத்தில் கை வைப்பதானால், ஷாபிஈ மத்ஹபில் ஹஜ்ஜைப் பிற்படுத்த இடமிருந்தாலும் நான் அதை விரும்பமாட்டேன். இவை எதுவும் இல்லையென்றால், மாமி, பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

இனிக் கணவருக்கு. இங்கேதான் நான் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. மஸ்கட்டிலிருந்து ஸலாலாவுக்கு ஏறத்தாழ 1000 கிலோ மீற்றர். பெரும்பகுதி வெறும் பாலைவனம். ஒட்டகங்கள் வீதியைக் கடக்கும், சில வேளை வீதியிலேயே நிற்கும். இருட்டில் அதன் நிறம் மண்ணோடு மண்ணாகத் தெரியாது. நீண்ட கால்களில் கார் மோதினால் அந்தப் பாரிய உடம்பு முன்கண்ணாடியின் மேல்தான் வந்து விழும். ஒரு இரவு அறைக் காசுக்காக மனைவியையும் பிள்ளையையும் இந்த ஆபத்தில் வைப்பது சிக்கனமல்ல. குடும்பம் உங்கள் கையில் இருக்கும் அமானத்.

இன்னொன்று. நாம் வீதியின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஓமானில் வலப்பக்கம். நேர் வீதியில் இது பெரிய தொல்லையல்ல. சுற்றுவட்டங்களிலும், ஆளில்லாத காலை வேளையில் பக்க வீதியிலிருந்து ஏறும்போதும்தான் பழைய பழக்கம் கையை இழுக்கும். விமானம் விட்டு இறங்கிய களைப்போடு அன்றே காரை எடுக்க வேண்டாம். தம்பி வந்து கூட்டிப் போகட்டும். மறுநாள் காலை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகுங்கள். ஓட்டோ கியர் கார் எடுத்தால் ஒரு சிரமம் குறையும்.

ஸலாலாவை இம்முறை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. பச்சை மலையும் சாரலும் அங்கே ஜூன் நடுப்பகுதி முதல் செப்டம்பர் வரைதான். அங்குள்ள பறவைகளை மகள் பார்த்தே ஆக வேண்டுமென்றால் உள்ளூர் விமானத்தில் போகலாம். காருக்கு ஏற்ற இடம் மஸீரா தீவுக்கு எதிரே இருக்கும் பர் அல் ஹிக்மான். மஸ்கட்டிலிருந்து ஸினாவ் வழியாகச் சுமார் 400 கிலோ மீற்றர், நடுவில் தங்கிப் போகலாம். மாரி காலத்தில் அங்குள்ள சேற்றுக் கரைகளில் இலட்சக்கணக்கான கரைப்பறவைகள் வந்து கூடுகின்றன. பூநாரைகளும் உண்டு. நண்டு தின்னும் ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை இருக்கிறது. மற்றக் கரைப்பறவைகளைப் போலன்றி, மணலில் வளை தோண்டி ஒரே ஒரு முட்டை இடும். சூடான மணலே அந்த முட்டையை அடைகாக்கத் துணை செய்கிறது. ஸுப்ஹானல்லாஹ்! மகள் இதை மன்னாரில் பார்த்திருந்தாலும், அங்கே கூட்டமாகப் பார்க்கலாம்.

கடல் பெருகுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்தால் தண்ணீர் ஏற ஏறப் பறவைகள் தாமாகவே அருகில் வரும். துரத்திப் போகக் கூடாது. குஞ்சுகளை எடுத்ததால் தவித்துப் பறந்த தாய்ப் பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பி வைக்கும்படி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கூறியது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. போட்டோவுக்காகப் பறவையைக் கிளப்பிவிடுபவர்களும் இதை நினைக்க வேண்டும்.

அந்தக் கரை பார்வைக்குக் காய்ந்த உப்புத் தரை. மேற்பொருக்கு உடைந்தால் உள்ளே சேறு. நான்கு சக்கரமும் இழுக்கும் வாகனங்கள்கூடப் புதைந்துவிடும், பின்னால் கடலும் ஏறும். தார் வீதியையும் நன்றாகப் பழகிய தடத்தையும் விட்டு இறங்காதீர்கள். மழை பெய்தால் ஓடும் வாதியைக் கடக்க முயலவே வேண்டாம், சட்டமும் தண்டிக்கும். 2024 ஏப்ரலில் பாடசாலைப் பிள்ளைகள் சென்ற வாகனமொன்று அப்படி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் பலர் மரணித்தார்கள். பெற்றோல் நிலையம் காணும் இடமெல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள். பைனாகுலரை இராணுவ முகாம், விமானத்தளம், துறைமுகம் பக்கம் திருப்பாதீர்கள். மஸீராவிலும் விமானப்படைத் தளம் உண்டு.

தொழுகை பற்றி. ஏறத்தாழ 82 கிலோ மீற்றருக்கு மேற்பட்ட பிரயாணத்தில் கஸ்ரும் ஜம்உம் செய்யலாம். ஆனால் தம்பி வீட்டில், வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக, நான்கு நாட்கள் தங்க நிய்யத் வைத்தால் அங்கே முழுமையாகவே தொழ வேண்டும். ஸுபஹைச் சுருக்கவும் முடியாது, வேறொன்றோடு சேர்க்கவும் முடியாது. பறவை பார்ப்போருக்கு இதுதான் சோதனையான நேரம். டிசம்பர் கடைசியில் மஸ்கட்டில் சூரியன் ஆறரை மணிக்குப் பிறகே உதிக்கும், தொழுதுவிட்டுப் புறப்படத் தாராளமாக நேரமுண்டு. மாலையில் ஐந்தரைக்கு முன்பே மறைந்துவிடும், அதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். ஓமானியரில் பலர் இபாழிகள். தொழுகையில் கை கட்டமாட்டார்கள். பார்த்துத் திகைக்க வேண்டாம், உங்கள் முறைப்படி தொழுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் சகோதரி சிறிய எழுத்தில் இன்னொன்று கேட்டிருக்கிறார். அவரிடமும் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறதாம், ஊரில் ஓட்டுகிறாராம். வெளிநாட்டில் பெண் ஓட்டுவது சரியல்ல என்று கணவர் சொல்கிறாராம். கணவரும் மகளும் உடனிருக்க, ஹிஜாபோடு ஓட்டுவதில் என்ன தடை இருக்கிறது? ஓமானில் பெண்கள் ஓட்டத்தான் செய்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயதில் தனியொருவராக அத்தனை தூரம் ஓட்டுவதை விட இரண்டு மணிக்கொரு முறை ஆள் மாறுவது எவ்வளவோ மேல். ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோனில் இருவருமே சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். காரை எடுக்கும்போது ஒப்பந்தத்தில் இரண்டாவது சாரதியாக மனைவியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதும் நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்காது.