இறக்கக்கண்டியின் குரல்கள் யார் கையில் இருக்க வேண்டும்?

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை போகும் வீதியில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அதே வீதியில் இன்னும் வடக்கே போய், நிலாவெளியைத் தாண்டினால் இறக்கக்கண்டி. வளாகத்தில் மொழியும் தொடர்பாடலும் கற்பிக்கப்படுகின்றன. நேர்காணல் எடுப்பது எப்படி, ஒலிப்பதிவைத் தொகுப்பது எப்படி என்று படிக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். கேட்க ஆள் வந்தால் பொழுது சாயும் வரை கதை சொல்லக்கூடிய முதியவர்கள் இறக்கக்கண்டியில் இருக்கிறார்கள். இந்த இரு தரப்பையும் இணைக்கும் நிரந்தரத் திட்டம் ஒன்று வேண்டும், அதுவும் தாமதமில்லாமல் வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. அந்தத் திட்டத்தில் பதிவாகும் குரல்கள் யாருக்கு உரியவை என்பது முதல் நாளே எழுத்தில் முடிவாக வேண்டும். திட்டத்தைவிட நாம் அழுத்திச் சொல்ல வருவது இந்த இரண்டாவது விடயத்தைத்தான்.

இதே கரையோரத்தில் குச்சவெளியில் பாறைக் கல்வெட்டு உண்டு. திரியாயில் பழைய தூபி உண்டு. இவற்றுக்குத் தொல்பொருள் திணைக்களத்தின் அறிவிப்புப் பலகையும் உண்டு. ஆனால் கடலை நம்பி வாழ்ந்த ஓர் ஊருக்குக் கல்லில் எழுதி வைத்த வரலாறு இருக்காது. காணி உறுதி, கூப்பன் புத்தகம், கலியாணப் படம், பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை என்று தகரப் பெட்டிக்குள் கிடப்பதுதான் அதன் ஆவணக் காப்பகம். திருகோணமலைக்கு வடக்கேயுள்ள இந்தக் கரையோரம் 1985இலும் 1990இலும் கலவரத்தையும் ஓட்டத்தையும் கண்டது. 2004 டிசம்பர் 26இல் கடலே எழுந்து வந்தது. இவற்றில் எத்தனை பெட்டிகள் போயின என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. மிஞ்சியிருப்பது நினைவு மட்டும். அதற்கும் வயதாகிறது. 1942 ஏப்ரலில் யப்பான் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டதைக் கண்ணால் கண்டவர் எவரேனும் இன்று இருந்தால் தொண்ணூறை நெருங்கியிருப்பார், அல்லது தாண்டியிருப்பார். 1964 டிசம்பரில் வட இலங்கையைக் கடந்துபோய்த் தனுஷ்கோடியை அழித்த புயலை இளைஞராகப் பார்த்தவருக்கு இப்போது எண்பது. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட அவர்களுக்கு அவகாசம் இல்லை.

நாம் பதிவு செய்யாவிட்டால் இந்த இடம் வெற்றாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுகளை நிர்வகிப்பதற்கென்று 2020 ஜூனில் சனாதிபதி செயலணி ஒன்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். முதலில் வெளியான பெயர்ப் பட்டியலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கிழக்கின் மக்களில் பெரும்பான்மையினர் யார் என்பது ஊரறிந்த செய்தி. கண்டன அறிக்கைகள் வந்தன, அவை தேவையானவையே. ஆனால் கண்டன அறிக்கை சான்றாகாது. இந்தக் கரையில் யார், எப்போது, எங்கே வாடி போட்டார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள் என்பதைப் பெயரோடும் குரலோடும் சேமித்து வைத்திருந்தால் அதுவே சான்று.

இதற்கு ஓர் ஆட்சேபம் வரும். ஆறிய புண்ணை ஏன் கிளற வேண்டும் என்பார்கள். இதைச் சொல்பவர்களில் வேதனைப்பட்டவர்களே அதிகம் என்பதால் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இந்த மாவட்டத்து மக்கள் பேசினார்கள். 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் குறித்த கலந்தாலோசனைச் செயலணி நாடு முழுவதும் 7,306 கருத்துகளைத் திரட்டி, 2017 ஜனவரியில் அறிக்கை கையளித்தது. பேசியவர்கள் பேசியபடியே இருக்கிறார்கள். மறுபடியும் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வாசலில் வந்து நின்றால் “உங்களுக்கும் சொல்லோணுமா?” என்று கேட்பதில் பிழையே இல்லை.

ஆகவே போரில் தொடங்கக் கூடாது. கடலில் தொடங்க வேண்டும். கரைவலை வளைக்கும்போது மண்டாடி எதைப் பார்த்து மீனின் வரவைச் சொன்னார், வலை இழுத்தவர்கள் என்ன அம்பா பாடினார்கள், பருவம் பார்த்து நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து வந்து வாடி போட்ட சிங்கள, தமிழ் மீனவர்களோடு கொடுக்கல் வாங்கல் எப்படி இருந்தது, புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாகும் முன் அதைச் சுற்றி யார் எந்த இடத்தில் தொழில் செய்தார்கள் என்று கேட்கலாம். பாலங்கள் வருமுன் களப்புகளையும் கழிமுகங்களையும் கடந்த பாதைகளை, அதாவது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச்சென்ற மிதவைகளைப் பற்றிக் கேட்கலாம். கிண்ணியாவில் 2009இல் பெரிய பாலம் திறக்கும்வரை பாதைதான் கதி. இப்போதைய பிள்ளைகள் பாதை என்றால் நடக்கிற வழியை மட்டும் நினைக்கிறார்கள். இப்படிப் பேசிக்கொண்டு போகையில் 1985 தானாக வரும். வராவிட்டால் விட்டுவிட வேண்டும்.

ஒரே சம்பவத்தைத் தமிழ் வீட்டில் ஒருவிதமாகவும் முஸ்லிம் வீட்டில் வேறுவிதமாகவும் சொல்வார்கள். அதைச் சமன்செய்து ஒரே கதையாக்கும் ஆசை நல்ல எண்ணத்தோடு வருகிறவர்களிடமே அதிகம். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. இரண்டும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதே வரலாற்று மாணவனுக்குக் கிடைக்கும் பெரிய தடயம். நம் ஊர் வரலாறுகள் இதுவரை பெரும்பாலும் பாடசாலை விழா மலர்களில்தான் அச்சாகி வந்திருக்கின்றன. அவற்றில் வாழ்த்துரைகள் பத்துப் பக்கம், அதிபர்களின் பட்டியல் ஒரு பக்கம். முரண்பாடு ஒரு வரிகூட இருக்காது.

இனி உரிமைக்கு வருவோம். அமெரிக்காவின் பொஸ்டன் கல்லூரி, வட அயர்லாந்தின் ஆயுதக் குழுக்களில் இருந்தவர்களின் வாக்குமூலங்களை 2001 முதல் பதிவு செய்தது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வெளிவராது என்று அவர்களுக்கு உறுதி சொல்லப்பட்டது. 2011இல் பிரித்தானியப் பொலிசாருக்காக அமெரிக்க அதிகாரிகள் நீதிமன்றக் கட்டளை பெற்றார்கள். 2013இல் சில நாடாக்கள் கைமாறின. அந்த நாடுகளிலேயே இது நடந்ததென்றால், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த நாம் எத்தனை மடங்கு கவனமாக இருக்க வேண்டும்! காப்பாற்ற முடியாத வாக்கை யாரும் கொடுக்கக் கூடாது. சொல்லியவர் எப்போது வேண்டுமானாலும் தன் பதிவைத் திரும்பப் பெறலாம், பெயரை மறைக்கலாம், தன் மரணத்துக்குப் பிறகே திறக்கச் சொல்லலாம். ஆபத்தான பகுதியைப் பதிவு செய்யாமலே விடலாம். இவை அவருக்குப் புரியும் தமிழில் எழுதப்பட்டு, கையொப்பத்துக்கு முன் வாசித்துக் காட்டப்பட வேண்டும்.

நல்ல கூட்டுக்கு முன்மாதிரி தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களை அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் அள்ளிக்கொண்டு போகவில்லை. 1994இல் சென்னையிலேயே நூலகமாக நிறுவியது. பணம் வெளியிலிருந்து வந்தது, பொருள் தமிழ்நாட்டில் நின்றது. நம் நாட்டில் நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி, யாரும் இலவசமாக வாசிக்கத் தருகிறது. ஒலி, ஒளி ஆவணங்களுக்கும் வாய்மொழி வரலாறுகளுக்கும் ‘ஆவணகம்’ என்ற தனித் தளம் வைத்திருக்கிறது. பதிவுகளை எப்படிப் பாதுகாப்பது என்ற தொழில்நுட்ப அறிவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

வளாகம் செய்யவேண்டியது, இதை ஒரு விரிவுரையாளரின் தனிப்பட்ட ஆர்வத்துக்கு விடாமல் பாடநெறியின் கட்டாயப் பகுதியாக்குவது. அவர் மாற்றலாகிப் போனால் திட்டமும் போகிற வழக்கத்தை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் பரிபாலன சபை, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், மாதர் சங்கம் ஆகியவற்றிலிருந்து ஆட்கள் அமர்ந்த ஊர்க் குழுவே எதை வெளியிடலாம் என்று தீர்மானிக்க வேண்டும். அந்தக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். இடம்பெயர்ந்த நாட்களில் அடுப்பு எரிந்த கதை அவர்களிடம்தான் இருக்கிறது. மூலப் பிரதி நூலகம் நிறுவனத்திலும் வளாகத்திலும் இருக்கட்டும். கேட்கும் பிரதி ஒன்று இறக்கக்கண்டியிலேயே இருக்க வேண்டும்.

இறக்கக்கண்டி அடங்கும் குச்சவெளிப் பிரதேச சபைக்கு 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இதற்குக் கட்டடம் தேவையில்லை, திறப்பு விழாவும் தேவையில்லை. சில ஒலிப்பதிவுக் கருவிகள், மாணவர்களின் போக்குவரத்து, எழுத்துப் பிரதி எடுப்பவருக்கான கொடுப்பனவு ஆகியவற்றுக்கு ஒரு தலைப்பு ஒதுக்கி, டிசம்பரில் நிறைவேற்றும் வரவுசெலவுத் திட்டத்தில் சேர்த்தால் போதும். பெயர்ப் பலகையில் தவிசாளரின் பெயர் வராத செலவு இது. முன்மொழிய முதலில் எந்த உறுப்பினர் எழுகிறார் என்பதை இந்தப் பத்தி கவனித்துக்கொண்டிருக்கும்.