ரீடிங்கை ‘குக்’ பண்ணாதீங்க!

உண்மையைச் சொல்லுங்க. முதல் வருஷம் ஃபிசிக்ஸ் லேப்ல ஸ்பெக்ட்ரோமீட்டர் எக்ஸ்பெரிமென்ட்டை எத்தனை பேர் நிஜமாவே செஞ்சீங்க? மெர்குரியோட பச்சைக் கோடு 5461 ஆங்ஸ்ட்ராம்னு சீனியர் ரெக்கார்டுல பார்த்துட்டு, அதுக்கு ஏத்த கோணத்தைப் பின்னாடியிருந்து கணக்குப் போட்டு எழுதினவங்கதான் அதிகம். நானும் அந்தக் கூட்டம்தான். முழு மார்க் வந்துச்சு. அது எவ்வளவு பெரிய தப்புன்னு எனக்குப் புரிய வெச்சது ஒரு அணுக்கருவோட கதை.

அணுவுக்கு ஆற்றல் படிகள் இருக்கிற மாதிரி அணுக்கருவுக்கும் உண்டு. மேல் படியில இருந்தா அது கிளர்வு நிலை. கீழே இறங்கும்போது பெரும்பாலும் காமா கதிரை விடும். எர்ணாவூர்ல இருக்கிற எனக்கு இது வெறும் புத்தக விஷயம் இல்ல. மணலி, எண்ணூர் பக்கம் பைப்லைன் வேலைக்குப் போறவங்களைக் கேட்டுப் பாருங்க. ராத்திரியில கயிறு கட்டி ஆளுங்களை ஒதுக்கிட்டு, வெல்டிங் ஜாயின்டுக்கு ‘ஆர்.டி.’ எடுக்கிறதைப் பத்திச் சொல்வாங்க. அந்தப் பெட்டிக்குள்ள பெரும்பாலும் இருக்கிறது இரிடியம்-192. அது சிதைஞ்சு கிளர்வு நிலையில பிளாட்டினம்-192 ஆகும். அந்தப் பிளாட்டினம் படியிறங்கும்போது வர்ற காமா கதிர்தான் ஃபிலிம்ல விரிசலைக் காட்டுது. பிளாட்டினத்தோட முதல் படியின் உயரம் சுமார் 316 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்.

இப்போ தோரியம்-229க்கு வருவோம். யுரேனியம்-233 சிதைஞ்சா இது கிடைக்கும். அந்த யுரேனியம் நமக்கு அந்நியமில்ல. கல்பாக்கத்துல 1996ல இயங்க ஆரம்பிச்ச காமினி உலைக்கு அதுதான் எரிபொருள். 1976ல அமெரிக்காவின் ஐடஹோவுல குரோகரும் ரைக்கும் அதோட காமா கதிர்களை அளந்து, தோரியம்-229ன் முதல் படி 100 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள்ளேயே இருக்கணும்னு சொன்னாங்க. அணுக்கரு உலகத்துல அது படியே இல்ல, தரையில ஒரு கோடு மாதிரி.

அதை நேரடியா அளக்க முடியல. ஆயிரக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் உள்ள காமா கதிர்களை ஒண்ணிலிருந்து ஒண்ணு கழிச்சுத்தான் கண்டுபிடிக்கணும். நம்ம எக்ஸ்பிரஸ் ரோட்டுல நிக்கிற கன்டெய்னர் லாரியை எடை மேடையில ரெண்டு தடவை நிறுத்தி, கிளீனர் கையில இருக்கிற அஞ்சாறு கிலோ பையோட எடையைக் கண்டுபிடிக்கிற மாதிரி.

1990ல கிடைச்ச விடை: −1 ± 4 எலக்ட்ரான் வோல்ட். ஆமாங்க, மைனஸ்! நம்ம லேப்ல வந்திருந்தா உடனே அழிச்சிருப்போம். அவங்க அப்படியே எழுதினாங்க. 1994ல 3.5 ± 1. உடனே எல்லாரும் 3.5க்கு ஏத்த புறஊதா ஒளியைத் தேடக் கிளம்பினாங்க. 1997, 98ல ‘பார்த்துட்டோம்’னு அறிவிப்பும் வந்துச்சு. ஆனா அது தோரியத்தோட ஒளியே இல்ல. ஆல்ஃபா துகள் பட்டு, காற்றுல இருக்கிற நைட்ரஜன் ஒளிர்ந்திருக்கு! விடை முன்கூட்டியே தெரிஞ்சா கண்ணும் அதையேதான் பார்க்கும்.

தப்பு எப்படித் திருந்துச்சு? பழைய அளவீடுகள் நேர்மையா பதிவாகியிருந்ததால, 2005ல அதையே வேற ரெண்டு பேர் மறுபடி கணக்குப் போட்டாங்க: 5.5. இன்னும் நுணுக்கமான டிடெக்டர் வெச்சு 2007ல அளந்தாங்க: 7.6. கடைசியா 2024ல ஜெர்மனி, ஆஸ்திரியா குழு லேசரை வெச்சே அந்தக் கருவை மேல் படிக்கு ஏத்திடுச்சு. விடை 8.36. அதுக்கு வேண்டிய 148 நானோமீட்டர் ஒளி காற்றுல போகவே போகாது. 3.5ஐ நம்பித் தேடினவங்க கண்ணுக்கு அது எப்படிச் சிக்கும்? இப்போ இதை வெச்சு அணுக்கரு கடிகாரம் செய்யப் பார்க்கிறாங்க.

48 வருஷம். அன்னைக்கு யாராவது ரீடிங்கை ‘குக்’ பண்ணியிருந்தா, மறுபடி கணக்குப் போட எதுவும் மிஞ்சியிருக்காது.

‘மார்க் போயிடுமே ப்ரோ’ன்னு கேட்பீங்க. நியாயம்தான். தப்பு நம்ம மேல மட்டும் இல்ல. சரியான விடைக்கு மட்டும் மார்க் போட்டா, எல்லாரும் சரியான விடையைத்தான் தயாரிப்பாங்க. அதனால ஆசிரியர்கள்கிட்ட ஒரு வேண்டுகோள்: விடை 5600 வந்தாலும் பரவாயில்ல, பிழை எங்கிருந்து வந்திருக்கும்னு எழுதின பையனுக்கும் பொண்ணுக்கும் பாதி மார்க்காவது ஒதுக்குங்க.

நமக்கும் ஒண்ணு. நாலு வருஷம் கழிச்சு, ஏதோ ஒரு பைப்லைன் ஜாயின்டோட ஆர்.டி. ரிப்போர்ட்டுல கையெழுத்து போடப் போறது நாமதான். ஃபிலிம்ல சந்தேகமா ஒரு கோடு தெரியும். டெட்லைன் நெருக்கும். எங்க பக்கமெல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம் ஆலை, இந்தப் பக்கம் வீடு. அன்னைக்கு ‘ஓகே’ன்னு எழுதுற கையா, ‘மறுபடி எடுங்க’ன்னு எழுதுற கையான்னு முடிவாகிறது இப்போ, இந்த லேப்லதான்.

அடுத்த வாரம் லேப்ல வர்ற ரீடிங்கை அப்படியே எழுதிப் பாருங்க.