முக்கோணம் ஏன் அசையவில்லை?

சென்ற திங்களில் ஒருநாள், ஆறாம் வகுப்பில் பயிலும் என் மகள், "அப்பா, ரயில் பாலத்து இரும்புச் சட்டங்கள் ஏன் முக்கோண முக்கோணமாக இருக்கின்றன?" என்று கேட்டாள். ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு விடை தெரியவில்லை. "பாடத்தைப் படி" என்று அதட்டிவிட்டேன். அவள் முகம் வாடிற்று. எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

நான் பயின்ற பள்ளியிலும் விஞ்ஞானக் கருவிகள் இருந்தன. ஆனால் பூட்டிய பீரோவில் இருந்தன. வினாக் கேட்டவன் பெஞ்சின்மேல் நிறுத்தப்பட்டான். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றதற்கு வறுமை மட்டுமன்று, அந்தப் பூட்டும் ஒரு காரணம். அதே பூட்டையன்றோ நான் என் மகளின் வாயில் இட்டேன்!

சென்னையிலிருந்து டில்லி செல்லும் வழியில் இடார்சி சந்திப்பை நம்மவர் பலரும் அறிவர். அது அமைந்த, அன்று ஹோஷங்காபாத் எனப்பட்ட மாவட்டத்தில், 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புதுமுறை தொடங்கிற்று. ஏழைக் குடியானவர் பிள்ளைகள் சிறு குழுக்களாக அமர்ந்து, தாமே சோதனை செய்து, கண்டதைத் தாமே எழுதினர். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம்; மனப்பாடத்துக்கு அங்கே மதிப்பில்லை. 1982-இல் ஏகலவ்யா என்னும் நிறுவனம் அப்பணியை ஏற்று வளர்த்தது. 2002-இல் மாநில அரசு அதனை நிறுத்திவிட்டது. எனினும் அது காட்டிய வழி அழியவில்லை.

1978-இல் அங்குச் சென்ற பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு வடிவங்கள் அமைத்துக் காட்டினார். அதையே நானும் என் மகளும் செய்து பார்த்தோம். மருந்து நீக்கிய மூன்று குச்சிகளை டியூப் துண்டுகளால் இணைத்தோம். எவ்வளவு அழுத்தியும் முக்கோணம் உருக்குலையவில்லை. நான்கு குச்சிகளால் ஆன சதுரமோ தொட்டவுடன் சாய்ந்தது. மூலைக்கு மூலை நீண்ட குச்சி ஒன்றைச் செருகினோம். சதுரம் இரு முக்கோணங்களாகி உறுதியாக நின்றது. "பாலத்தின் இரகசியம் இதுதானா!" என்று அவள் துள்ளினாள். செலவு சில ரூபாய்களே.

நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பாட்டும் நாட்டியமும் கற்பிக்கிறோம், நன்று. அவற்றோடு ஒரு மணி நேரம் இத்தகைய சோதனைகளுக்கும் ஒதுக்கலாகாதா? பள்ளியில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கற்றதை அங்கே தமிழில் பேசிப் பார்க்கட்டும். பெண் பிள்ளைகளைத் தவறாது அனுப்புங்கள். விடை தெரியாவிடில், "வா, இருவரும் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். குழந்தையின் வினாவுக்கு மட்டும் பூட்டுப் போடாதீர்கள்.