ஒப்பந்தம் யாரைக் கட்டுகிறது?

2010-இல், 21 வயது ரவீந்திர ஜடேஜா அவ்வாண்டு ஐபிஎல் தொடரில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. ராஜஸ்தான் அணியுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் மும்பை அணியுடன் நேரே பேசினார் என்பது குற்றம். ஒப்பந்தம் மதிக்கப்பட வேண்டியதே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2025 நவம்பரில் சென்னை அணி அதே ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைப் பெற்றபோது அதற்குப் பெயர் பரிமாற்றம். வீரரின் சம்மதம் அதற்கும் தேவைதான். ஆயினும் அவரது ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாயிற்று.

மிதிவண்டிப் பந்தய உலகிலும் இவ்வழக்கு உண்டு. 2023 டிசம்பரில், பெல்ஜியத்தின் 20 வயது ஆய்ட்டெப்ரூக்ஸ், ஒப்பந்தம் ஓராண்டு மீதமிருக்கவே போரா அணியிலிருந்து விஸ்மாவுக்கு மாறினார். பூசலை அணிகள் பேசித் தீர்த்தன, தடை விழவில்லை. அங்கே வீரர்களுக்குச் சங்கம் உண்டு. இந்தியாவில் ஓய்வுபெற்ற கிரிக்கெட் வீரர்களுக்கே சங்கம், ஆடுபவர்களுக்கு இல்லை. குரோம்பேட்டைத் தெருக்களில் மஞ்சள் சட்டையுடன் மட்டை பிடிக்கும் பிள்ளைகளுக்காகவேனும் நாம் அதைக் கேட்க வேண்டும்.