பாட்டியைத் தேடி வந்த வேன்



தேயிலை விளம்பரங்களில் வரும் பெண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள். முதுகில் கூடை, நெற்றியில் பொட்டு, முகத்தில் சிரிப்பு. 1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டன், தேயிலை தோட்டத்திலிருந்து நேராக உங்கள் கேத்தலுக்கே வருகிறது என்று உலகமெங்கும் விளம்பரம் செய்தார். கூடையோடு நின்ற தமிழ்ப் பெண்ணின் படம் அப்போதே சீமைக்குப் போய்விட்டது. நூற்று முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அவளுக்கு மட்டும் இன்னும் இருபது வயது தாண்டவில்லை.

நம் கேமரன் மலையில், 1929இல் ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் தொடங்கியது முதல் எத்தனை பெண்கள் பனியில் நனைந்து கொழுந்து பறித்திருப்பார்கள்! இன்று பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே மலையில் நிற்கிறார்கள். நம் பெண்கள் பாட்டிகளாகி லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். தேயிலை விளம்பரத்தில் அவர்களுக்கு இடமில்லை.

வேறு விளம்பரங்களில் இடம் உண்டு. தீபாவளி வந்தால் பட்டுச் சேலை கட்டிய பாட்டி பேரன் தலையில் எண்ணெய் வைப்பார். மற்ற மாதங்களில் அதே பாட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ‘ஐயோ’ என்பார். மருமகள் ஒரு தைலத்தைக் கொண்டு வருவாள். ஒன்று ஆசீர்வாதம், இல்லாவிட்டால் வலி. இதைத் தவிர பாட்டிக்கு வேறு வசனம் கிடையாது.

விதிவிலக்கும் இருந்தது. 2009இல் மறைந்த யாஸ்மின் அகமது பெட்ரோனாஸ் நிறுவனத்துக்காக எடுத்த சீனப் பெருநாள் விளம்பரம் ஒன்று நினைவிருக்கிறதா? வயதான தாய்மார்கள் உட்கார்ந்து, என் மகன் அப்படி, என் மகன் இப்படி என்று பெருமை அடித்துக்கொள்வார்கள். அவர்கள் இருப்பது முதியோர் இல்லம் என்பது பிறகுதான் நமக்குத் தெரியும். நம் மொழி இல்லை, நம் பண்டிகை இல்லை, இருந்தும் அதைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் நம்மிலும் உண்டு.

எலும்புக்கு என்று விற்கும் பால்மாவையும் சொல்லவேண்டும். ஈப்போவில் பிறந்த நடிகை மிஷல் இயோ ஒரு காலத்தில் அன்லீன் பால்மாவின் விளம்பர முகமாக இருந்தார். 2023இல், அறுபது வயதில், ஆஸ்கார் பரிசும் பெற்றார். கெட்டிக்காரப் பெண்மணி, எனக்கும் பிடிக்கும். வயதான பெண்களின் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதும் உண்மைதான். அது நெத்திலியிலும் முருங்கைக் கீரையிலும் இருக்கிறது. அவற்றுக்கு யார் விளம்பரம் செய்வார்கள்?

இவையெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் விளம்பரங்கள். பொத்தானை அமுக்கினால் நின்றுவிடும். வாசலுக்கே வரும் விளம்பரத்தைப் பற்றித்தான் இந்த முறை எழுத நினைத்தேன்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு வேன் வந்தது. கோயில் மண்டபத்தில் சூடு தரும் கட்டில்களைப் போட்டார்கள். வயதானவர்கள் வந்து அரை மணி நேரம் படுக்கலாம், காசு வேண்டாம், போகும்போது ஒரு பிஸ்கட் பொட்டலம் வேறு. ஆறு நாள் இப்படியே நடந்தது. கொழுந்து பறித்தே முதுகு வளைந்தவர்களுக்கு அந்தச் சூடு சுகமாகத்தான் இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஏழாம் நாள் அந்த இளைஞர்கள் வீடு வீடாகப் போனார்கள்.

அடுத்த வாரம் என் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு தாளை நீட்டினாள். “டீச்சர், பாட்டி இதப் படிச்சுச் சொல்லச் சொன்னாங்க.”

காந்தப் போர்வை ஒன்று, விலை 2,600 ரிங்கிட். முன்பணம் 600 கட்டியாகிவிட்டது. மீதி மாதத் தவணை. கீழே பாட்டியின் கைநாட்டு. கூட இருந்த வண்ணத்தாளில் போர்வை சர்க்கரை நோயையும் இரத்தக் கொதிப்பையும் தீர்க்கும் என்று போட்டிருந்தது. இந்த இரண்டு நோய்களையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் இருபது நோய்கள் இருக்கின்றன. பாட்டிக்கு அது தெரியாது. எனக்கே பயனீட்டாளர் சங்கத்தின் கூட்டம் ஒன்றுக்குப் போன பிறகுதான் தெரியும்.

மாலையில் லயத்துக்குப் போனேன். “ஏன் பாட்டி, மகனிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?” என்றேன்.

“அவன் கோலாலம்பூர்ல இருக்கான். போன் அடிச்சா வேலையா இருக்கேம்மா-ங்கிறான். இது என் காசு டீச்சர். இ.பி.எப். எடுத்தப்ப மிச்சம் வச்சது.”

விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதலாளிமார்கள் நினைப்பதுபோல் நம் கிழவிகள் வெறுங்கையர் அல்லர். ஐம்பத்தைந்து வயதில் எடுத்த சேமநிதியில் ஏதோ கொஞ்சம், அரசாங்க உதவித் தொகை, பிள்ளைகள் அனுப்புவது என்று சேலை மடிப்பில் ஏதாவது இருக்கும். அதைப் பாட்டியிடம் கேட்க வீட்டில் ஒருவருக்கும் நேரமில்லை. வேன்காரனுக்கு நேரம் இருக்கிறது.

நான் தாளைப் பார்த்து நாட்களை எண்ணினேன். வீட்டுக்கு வந்து விற்கும் பொருளுக்கு 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் பத்து வேலை நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் வேண்டாம் என்று எழுத்து மூலம் தெரிவித்தால் ஒப்பந்தம் ரத்து. அன்று எட்டாம் நாள். நல்ல வேளை, போர்வையும் வந்து சேரவில்லை. இரவே கடிதம் எழுதினேன். மறுநாள் தானா ராத்தாவில் பதிவுத் தபாலில் சேர்த்து, ரசீதைப் பாட்டியின் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் ஓர் அம்மாள் கோபமாகப் பேசினார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போவோம், ஐந்து ரிங்கிட் கட்டணந்தான், வழக்கறிஞர்கூடத் தேவையில்லை என்று நானும் சொன்னேன். உள்ளுக்குள் நடுக்கந்தான். மூன்று வாரம் கழித்து 600 ரிங்கிட் வந்தது.

மகிழ்ச்சியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். தேநீர் போட்டுக் கொடுத்தார், வெல்லம் தட்டிப் போட்டு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அந்தத் தம்பி இனிமே இந்தப் பக்கம் வராதா டீச்சர்?”

“வராது பாட்டி. வந்தாலும் உள்ளே விடாதீங்க.”

“இல்ல, கேட்டேன். தினமும் வந்து, சாப்பிட்டீங்களாம்மா-ன்னு கேக்கும்.”

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. தேநீரைக் குடித்து முடித்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பேத்தி வீட்டுப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள்.